இரும்புக் கையும் தகரத் துண்டும்

பழம்பொருட் சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கு. அதைப் பற்றி விமர்சனம் எழுதுவது வீண்வேலை என்று கருதுவோர் நம்மிடையே உளர். இக்கருத்து சரியன்று. ஒரு சமுதாயம் எதனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறது, எதனைப் பலசரக்குக் கடைப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்பதைக் கவனித்தால், அச்சமுதாயத்தில் யாருடைய வாழ்வுக்கு மதிப்பிருக்கிறது என்பது தெற்றெனப் புலப்படும். நூல்களைத் தரம்பிரிக்கும் விமர்சகன் எந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவனோ, அதே கேள்விகளுக்குச் சேகரிப்பாளனும் விடை சொல்லியாக வேண்டும்.

நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ் வாசகர் பலர் இன்று தங்கள் இளமைக்காலத்துச் சித்திரக்கதைப் புத்தகங்களைத் தேடி அலைகின்றனர். தமிழ்நாட்டில் மட்டுமன்று, கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இத்தகையோர் இருக்கின்றனர். அவர்களுடைய ஆர்வத்தின் மையத்தில் நிற்பது சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ். சௌந்திரபாண்டியன் தொடங்கிய அவ்வெளியீட்டின் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடலாகாது. இவன் பிறப்பால் தமிழனல்லன். 1962இல் பிரித்தானிய வார இதழ் ஒன்றிலே தோன்றியவன். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகளால் உருவம் பெற்றவன். பத்தாண்டு கழித்துச் சிவகாசியின் அச்சுக்கூடத்திலே தமிழ் பேசத் தொடங்கினான். அவனைத் தொடர்ந்து லாரன்சும் டேவிட்டும் வந்தனர்; ஜானி நீரோ வந்தான். அதற்கு முன்பே, 1964 முதல், பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் பல மொழிகளிலே வெளிவந்து வேதாளனை இந்தியச் சிறுவர்க்கு அறிமுகம் செய்திருந்தது. 1984இல் லயன் காமிக்சும் ராணி காமிக்சும் தோன்றின. அம்புலிமாமா 1947இலும், தினத்தந்தியின் கன்னித்தீவு 1960இலும் தொடங்கியவை என்பதையும் சேர்த்து எண்ணினால், சித்திரத்தின் வழியே கதை படித்த தமிழ்த் தலைமுறைகள் மூன்றேனும் இருக்கின்றன என்பது தெளிவு.

இந்தப் புத்தகங்கள் வெளிவந்த காலத்தில் சில்லறைக் காசுக்கு விற்றவை. இன்று அவற்றுட் சில பல ஆயிரம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன. 2012இல் லயன், முத்து இரண்டும் நல்ல தாளில் வண்ண அச்சில் புத்துயிர் பெற்றபின், பழைய கதைகள் மறுபதிப்பாகவும் கிடைக்கின்றன. எனினும் மறுபதிப்பு மனநிறைவு தருவதில்லை. அந்தப் பழைய, மட்கிய, மஞ்சளித்த தாளே வேண்டும் என்கிறார்கள். கதை அதுதான், சித்திரம் அதுதான், அச்சோ முன்னையதிலும் சிறந்தது. அப்படியானால் விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

இக்கேள்விக்கு விடை காண அமெரிக்காவைச் சற்றே நோக்கலாம். 1938ஆம் ஆண்டு ஜூன் மாத இதழாக வெளிவந்த 'அக்சன் காமிக்ஸ்' முதல் எண்ணிலேதான் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். அதன் அன்றைய விலை பத்துச் சதம். அதன் பிரதி ஒன்று 2024இல் ஏலத்திலே 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அந்த நாயகனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்களும் அவனுக்குரிய உரிமை முழுவதையும் வெளியீட்டாளருக்கு விற்றபோது பெற்ற தொகை 130 டொலர். படைத்தவனுக்கு 130, வைத்திருந்தவனுக்கு 60 இலட்சம். உழைப்புக்கும் உடைமைக்கும் இடையிலான கணக்கை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

விலைமதிப்பு மிக்க பிரதிகளை அங்கே தரம்பிரித்து, எண்ணிட்டு, ஒளிபுகும் பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிட்டு அடைத்துவிடுகிறார்கள். பேழையைத் திறந்தால் தரச்சான்று செல்லாது. அதாவது, அந்தப் புத்தகத்தை அதன் சொந்தக்காரனே படிக்க முடியாது! பயன்மதிப்பு முற்றாக ஒழிந்து, பரிவர்த்தனை மதிப்பு ஒன்றே எஞ்சியிருக்கும் பொருளுக்கு இதைவிடத் துலக்கமான வடிவம் உண்டா? பொருளியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதி விளக்கும் ஒரு கருத்து, பிளாஸ்டிக் பேழையாக உருக்கொண்டு கண்முன் நிற்கிறது.

நமது பக்கத்து நிலைமை இவ்வளவு முற்றிவிடவில்லை. தமிழ்ச் சேகரிப்பாளரிற் பெரும்பாலோர் உண்மையான வாசகர்களே. கதைகளை வரிக்கு வரி மனனமாகச் சொல்பவர்கள். ஓவியர் பெயர், மூல இதழ், எந்தப் பக்கம் விடுபட்டது, எந்த வசனம் மொழிபெயர்ப்பில் மாறியது என்பவற்றை ஆராய்ச்சி மாணவனுக்குரிய ஊக்கத்தோடு ஒப்புநோக்குகிறார்கள். பல்கலைக்கழகங்கள் தீண்டாத ஒரு துறையில் நூல்விவரப் பட்டியலைத் தொகுத்தவர்கள் இவர்களே. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் 'கிழியாத பிரதி', 'அட்டை மங்காத பிரதி', 'பெயர் எழுதாத பிரதி' என்ற சந்தைச் சொற்கள் அவர்களுடைய பேச்சிலும் புகுந்துவிட்டன. இங்கேதான் எனக்கு மாறுபாடு உண்டு.

மலையகத்துத் தோட்டமொன்றிலே ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தின் வாழ்க்கை எத்தகையது என்பதைச் சொல்கிறேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகிலோ நோர்வூட் கடைத்தெருவிலோ சம்பளத்துக்கு மறுநாள் வாங்கப்படும். முதலில் வாங்கியவன் வீட்டில் அண்ணன், தம்பி, அக்காள் எல்லோரும் படிப்பர். பின்னர் அடுத்த காம்பரா. அதன்பின் அடுத்த லயம். அதன்பின் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு. எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டுவான். பாட்டி படத்தைப் பார்த்துக் கதையை முந்திக்கொண்டு சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கும். ஆசிரியர் கையில் சிக்கினால் மேசை இழுப்பறைக்குள் போய், அவரும் படித்துமுடித்த பிறகு திரும்பிவரும். இவ்வாறு முப்பது நாற்பது கைகள் பட்டபின் அட்டை கழன்று, நடுத்தாள் போய், முதலும் முடிவும் இல்லாத ஒரு கட்டாக அது மிஞ்சும். சந்தையில் இதற்குச் சல்லிக்காசு பெறாது. நான் சொல்கிறேன்: தமிழ்ச் சித்திரக்கதையின் சரித்திரத்தை எழுதப் புகும் ஒருவனுக்குக் கிழியாத பிரதியைவிட இந்தக் கிழிந்த கட்டே சிறந்த ஆவணம். ஓரத்தில் எழுதிய பெயர்கள், 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்ற வேண்டுகோள், சோற்றுப் பசையால் ஒட்டிய கிழிசல், கைவிளக்கின் புகைக்கறை இவையெல்லாம் வாசகன் எழுதிவைத்த விமர்சனங்கள்.

இனி, சேகரிக்க யாருக்கு இயலும் என்ற கேள்வி. சேகரிப்புக்கு ஆசை மட்டும் போதாது. ஒரு சுவர் வேண்டும். ஈரம் கசியாத சுவர். ஓர் அலுமாரி வேண்டும். பத்தாண்டு, இருபதாண்டு மாறாத முகவரி வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவிலே அடுப்பும் படுக்கையும் பிள்ளைத் தொட்டிலும் விறகும் கவ்வாத்துக் கத்தியும் ஒன்றாகக் கிடக்கும்போது புத்தகத்துக்கு ஏது இடம்? மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கத்தில் காகிதம் என்பது மெல்ல மெல்லப் பூஞ்சணமாக மாறும் ஒரு பொருள். அதைத் தப்பியதைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

முகவரியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. ஹட்டனிலிருந்தும் ஏனைய மலைநாட்டு நிலையங்களிலிருந்தும் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை வாழ்வை அடக்கவேண்டியிருந்தவர்கள் எதனை எடுத்தார்கள், எதனை விட்டுச் சென்றார்கள்? பித்தளைக் குடத்தை எடுத்திருப்பார்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவை எடுத்திருப்பார்கள். கடிதங்களும் பாட்டுப் புத்தகங்களும் கூத்து ஏடுகளும் அடுப்புக்கோ அடுத்த வீட்டுக்கோ போயிருக்கும். எஞ்சியிருந்தோரின் உடைமைகளில் ஒரு பகுதியை 1983இன் தீ விழுங்கிற்று. 'மலையகத்தாரிடம் சேகரிப்புப் பழக்கம் இல்லை' என்று சிலர் குறை கூறுவதைக் கேட்டிருக்கிறேன். பழக்கம் இல்லையென்பதன்று உண்மை. அதற்குரிய நிலம் இல்லை.

சித்திரக்கதையின் உள்ளடக்கத்துக்கு வருவோம். நமது முற்போக்கு விமர்சகர்கள் இத்தகைய எழுத்துக்களை நசிவு இலக்கியம் என்று ஒரே வீச்சில் ஒதுக்கினர். ஐம்பது அறுபதுகளில் தென்னிந்திய வணிகப் பத்திரிகைகளின் வெள்ளம் ஈழத்து எழுத்தாளனின் குரலை அமுக்குகிறது என்று அவர்கள் எழுப்பிய முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. 1970இல் பதவிக்கு வந்த அரசின் காலத்திலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதன் நற்பயனையும் கண்டோம். வீரகேசரிப் பிரசுரங்கள் வெளிவந்தன. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அவ்வரிசையிலேதான் மக்கள் கைக்குக் கிட்டியது. 1977க்குப் பின் கதவு திறந்தபோது மீண்டும் வெள்ளம். இவ்வளவும் சரியே. ஆயினும் நசிவு என்று ஒதுக்கியதோடு விமர்சகனின் கடமை முடிந்துவிடவில்லை. மக்கள் கோடிக்கணக்கில் படித்த ஒன்றை ஏன் படித்தார்கள் என்று கேளாத விமர்சனம் பாதி விமர்சனமே.

வேதாளனை எடுத்துக்கொள்வோம். 1936இல் லீ பால்க் என்ற அமெரிக்கர் படைத்த பாத்திரம். ஒரு கீழைத்தேயக் காட்டின் நடுவே, மண்டையோட்டு வடிவக் குகையிலே, அரியணையில் ஒரு வெள்ளையன் வீற்றிருக்கிறான். சுற்றிலும் கறுத்த குடிகள். நானூறு ஆண்டாகத் தந்தைக்குப்பின் மகனாக இருபத்தொரு பேர் அதே முகமூடியை அணிந்து ஆண்டுவருகின்றனர். குடிகளோ ஒருவனே சாகாமல் இருக்கிறான் என்று நம்புகின்றனர். வழக்குத் தீர்ப்பவன் அவன், தண்டிப்பவன் அவன், அந்த மக்களுக்குள்ளிருந்து ஒரு தலைவன் தோன்றமாட்டான். இதைப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு உலகம் புதிதாகவா தோன்றும்? மலை உச்சியில் பங்களா, பள்ளத்தில் லயம். ஒரு துரை போனால் இன்னொரு துரை. மக்களுக்கு எல்லோரும் ஒரே 'பெரிய தொர'தான். குடியேற்ற ஆட்சியின் முழு நியாயமும் பத்து வயதுப் பையனின் மனத்துக்குள் முகமூடி அணிந்து நுழைகிறது. இதை நாம் சொல்லத்தான் வேண்டும். பழமை இனிக்கிறது என்பதற்காக விழுங்கிவிட முடியாது.

ஆனால் இரும்புக்கை மாயாவி வேறு வகை. அவன் அரச பரம்பரையல்லன். விஞ்ஞானி ஒருவரின் ஆய்வுகூடத்திலே உதவியாளாக வேலை செய்தவன். விபத்திலே வலது கையை இழந்தவன். அந்தக் கைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்ட உருக்குக் கையிலே மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். கை மட்டும் தெரியும். தொடக்கக் கதைகளில் அவன் நல்லவனுமல்லன். உலகத்தின்மீது ஆத்திரங்கொண்டு குற்றவழியில் இறங்கியவன். பின்னரே உளவுத்துறை அவனைத் தன் ஆளாக்கிக்கொள்கிறது. ஆள் தெரியாது, கை தெரியும்! தேயிலைப் பெட்டிகளின் விளம்பரச் சித்திரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொய்யும் அழகிய விரல்கள் உலகெங்கும் தெரிகின்றன. அந்த விரல்களுக்குரியவளின் வீடு, கடன், இருமல் எதுவும் தெரிவதில்லை. ஸ்டோரின் உருளையில் விரலைக் கொடுத்தவர்கள் இல்லாத தோட்டம் எங்கள் பக்கத்தில் இருக்காது. இழந்த கையே பலமாகத் திரும்பி வருகிற ஒரு கதை அத்தகைய ஊரிலே எப்படிப் படிக்கப்பட்டிருக்கும்? இந்தப் பொருளை லண்டன் கதாசிரியர் எண்ணியிருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். எண்ணியிருக்க வேண்டியதும் இல்லை. வாசகன் தன் வாழ்விலிருந்தே பொருளை ஊற்றிக்கொள்கிறான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முல்லை தங்கராசன் போன்றோர் இக்கதைகளைத் தமிழாக்கியபோது நேரடி மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. 'உருக்கு நகம்' என்று பொருள்படும் மூலப் பெயரை விட்டு 'இரும்புக்கை மாயாவி' என்றதிலேயே விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த செவிக்கு ஓர் அழைப்பு இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் கையேற்றதே எழுபதுகளின் பிற்பகுதியில்தான். ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு என்றிருந்த அப்பாடசாலைகளிலிருந்து வெளிவந்த பிள்ளைகளுக்குத் தடையின்றி வாசிக்கும் பழக்கத்தைக் கொடுத்தது பாடநூலா, மாயாவியா என்று கேட்டால், தமிழாசிரியனான நான் பாடநூலின் பக்கம் சாட்சி சொல்லத் தயங்குவேன்.

நம் நாட்டிலேயே பிறந்த சித்திர மாந்தர் வேறு. 'சிரித்திரன்' ஆசிரியர் சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் யாழ்ப்பாணத்து மண்ணின் வாசனையோடு வந்தவர்கள். சிங்களத்திலே கமிலஸ் பெரேராவின் கஜமனும் சிரிபிரிசும் சாதாரண மனிதனின் அங்கலாய்ப்பையே நகைச்சுவையாக்கியவர்கள். ஏலமோ பிளாஸ்டிக் பேழையோ இவர்களைத் தேடி வரவில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை அதுவும் இல்லை. கணக்கப்பிள்ளையையும் கங்காணியையும் கொழுந்துக் கூடையையும் கொண்டு நிலைத்து நின்ற ஒரு சித்திர வரிசை நமக்கு வாய்க்கவில்லை. காமன்கூத்தும் அர்ச்சுனன் தபசும் கண்முன் நடந்த லயத்து வாசலிலே சிறுவர்கள் வேதாளனைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

காகிதத்தை விட்டு வேறு சேகரிப்புக்களையும் பார்ப்போம். தபால் முத்திரை சேர்ப்போருக்கு இலங்கை ஒரு பொன்விளையும் பூமி. 1859இல் வெளிவந்த நான்கு பென்ஸ் மங்கிய ரோசா நிற முத்திரைக்கு உலகச் சந்தையிலே பெரும் விலை உண்டு. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 1935இல் வெளியிடப்பட்ட முத்திரை வரிசையைக் கவனியுங்கள். இறப்பர் பால் வெட்டுதல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம் ஆகியவற்றோடு கொழுந்து கொய்யும் காட்சியும் ஒரு முத்திரையாயிற்று; மூலையிலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனின் தலை. சேகரிப்பாளரின் விளக்கப் பட்டியலிலே மன்னனின் பெயர் இருக்கும், துளைகளின் எண்ணிக்கை இருக்கும், நீர்க்குறி இருக்கும், அச்சிட்ட நிறுவனம் இருக்கும். கொழுந்து கொய்யும் பெண்களுக்குப் பெயர் கிடையாது. நாட்டின் சின்னமாக முத்திரையிலே ஏறிய அவர்களது மக்கள், பதின்மூன்று ஆண்டுக்குப்பின் அந்நாட்டின் குடிமக்களல்லர் என்று சட்டத்தாற் கூறப்பட்டனர்.

நாணயம் சேர்ப்போர் இன்னொன்றைத் தேடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக் கம்பனிகள் தமக்கெனச் செப்பிலும் பித்தளையிலும் வில்லைகள் அடித்து, கோப்பிக் களஞ்சியங்களில் வேலை செய்தோருக்கு நாட்கூலிக்கு ஈடாகக் கொடுத்தன. சம்பள நாளன்று வில்லையைக் கொடுத்துக் காசைப் பெறலாம். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனி 1843ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்ட வில்லை இவற்றுட் புகழ்பெற்றது. லோஸ்லி என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1895இலேயே இலங்கையின் நாணயங்களையும் வில்லைகளையும் பற்றி ஆராய்ந்து எழுதிவிட்டார். ஆகவே ஆவணம் இல்லையென்று கூறமுடியாது. எந்தக் கம்பனி, எந்த ஆண்டு, எந்த உலோகம், எத்தனை வகை என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்த வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டு போனவள் அதைக் கொண்டு எத்தனை கொத்து அரிசி வாங்கினாள் என்பதே பதிவாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்துக்குரிய எண் பொறித்த சிறு உலோகத் துண்டொன்று ஆளோடு கூடவே வரும். மண்டபம் முகாமிலிருந்து மலைத் தோட்டம்வரை அத்துண்டே அவன் முகவரி. அவன் வழிச்செலவு அதைக் கொண்டே தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. பார்சலுக்குச் சீட்டு ஒட்டுவது போன்ற ஏற்பாடு. இன்னொரு துண்டும் இருந்தது. அது காகிதத் துண்டு. தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமானால் அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் மாற முடியாது. 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் கால்விலங்கு அதுவே. இவ்விரு துண்டுகளையும்விட மலையகத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லும் பொருள் வேறில்லை. இவற்றை ஏலக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் காணவேண்டிய நிலை நமக்கு வரலாமா?

கண்டிக்கு அருகே ஹந்தானையிலே தேயிலை அருங்காட்சியகம் ஒன்று 2001 முதல் இயங்குகிறது. 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையே அருங்காட்சியகமாயிற்று. உருளை இயந்திரங்கள், நீராவி இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லர், லிப்டன் ஆகியோரின் நினைவுப் பொருட்கள் எல்லாம் துடைத்து மினுக்கி வைக்கப்பட்டுள்ளன. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதிலே தவறில்லை. இயந்திரத்தின் இயக்கம் அறியத்தக்கதே. ஆனால் அந்த மாடிகளில் ஏறி இறங்கும் மாணவன், தேயிலை என்பது இரும்பும் வெள்ளைக்காரரும் சேர்ந்து செய்த ஒன்று என்று முடிவுகட்டினால் அவனைக் குறை சொல்ல முடியாது. கம்பளைப் பக்கத்திலே கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இதற்கு மறுதலை. பழைய லயமே அதன் கட்டடம். கூடை, கத்தி, தப்பு, பானை, அடையாளப் பத்திரங்கள் ஆகியவை அதன் பொருட்கள். சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சேகரிப்பு எதுவும் வேண்டாம் என்பதா என் கட்சி? அன்று. நமது இலக்கியமே சேகரிப்பாளர் இட்ட பிச்சை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியிற் பிறந்து தமிழகத்திலே ஏடு தேடி அலையாதிருந்தால் 1887இல் கலித்தொகை அச்சேறியிராது. ஏட்டை அவர் பேழைக்குள் வைத்து விலை பேசவில்லை. தம் பொருளைச் செலவிட்டுப் பதிப்பித்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை வரையும் ஓவியர். பண்டிதர்கள் தீண்டாத நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், சிறுபிரசுரம், பழைய சஞ்சிகை அனைத்தையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது இலட்சம் உருப்படிகளுக்குக் குறையாமல் இருந்தன. சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994இல் அதை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கிற்று. அமெரிக்கப் பணம் வந்துதான் அது காப்பாற்றப்படவேண்டியிருந்தது என்பது தமிழ்ப் பெருமை பேசுவோர் விழுங்கவேண்டிய கசப்பு மருந்து; ஆயினும் நூல்கள் நாட்டிலேயே நின்றன, படிக்கக் கிடைக்கின்றன. புதுக்கோட்டை ஞானாலயாவை எழுப்பிய கிருஷ்ணமூர்த்தி பள்ளி ஆசிரியர். நம் தொழிலாளர், நம் சம்பளக்காரர்.

மலையகத்திலோ சேகரிப்பு என்பது காகிதத்திலிருந்து தொடங்கவே முடியாது, வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டே தம் மக்கள் நாடற்றோராவதைக் கண்ட சி.வி.வேலுப்பிள்ளை, லயங்களிலே நடந்து கேட்டுத் தொகுத்த பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாயின. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். சாரல்நாடன் தேடித் திரட்டியிராவிட்டால் கோ.நடேசய்யரின் பத்திரிகைப் பணியையும் மீனாட்சியம்மையின் பாடல்களையும் இன்று நாம் எதைக் கொண்டு பேசுவோம்? தெளிவத்தை ஜோசப் பழைய இதழ்களைப் புரட்டிச் சிறுகதைகளைத் தொகுத்து 1997இல் நூலாக்கியிராவிட்டால், மலையகச் சிறுகதை என்று வகுப்பில் எதைக் கற்பிப்போம்? இவர்கள் எவரும் செல்வந்தரல்லர். இவர்கள் சேர்த்தது மறுநாளே பொதுச்சொத்தாயிற்று.

சேர்த்ததை ஓரிடத்தில் மட்டும் வைத்தலின் ஆபத்தையும் அறிவோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்திலே எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அந்த அனுபவத்தின் பின்னே எழுந்த முயற்சி. பிரதி பெருகப் பெருக விலை குறையும் என்பது சந்தையின் நீதி. பிரதி பெருகப் பெருகப் பாதுகாப்பு மிகும் என்பது ஆவணத்தின் நீதி. அரியதாக இருப்பதைப் போற்றும் சேகரிப்பாளனும், அரியதாக விடாமல் தடுக்கும் சேகரிப்பாளனும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது மொழியின் வறுமை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. பணமில்லாமலே இதைச் செய்யலாம். நான் கற்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவரிடம், வீட்டிலுள்ள பழைய பொருள் எதையும் கொண்டுவர வேண்டாம், அதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கூறினேன். பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். விவரம் வகுப்புக்கு வரட்டும். சம்பளச் சீட்டுக்கள், இந்தியாவிலிருந்து எண்பதுகளில் வந்த நீலநிறக் கடிதங்கள், பிள்ளைக் காம்பராவின் பால் டின், காமன்கூத்து எழுதிய கொப்பி, முனை தேய்ந்த முள்ளு, முன்னும் பின்னும் இல்லாத இரண்டு முத்து காமிக்ஸ் என்று பதிவேடு நிறையத் தொடங்கியது. பொருள், காலம், கிடைத்த இடம், உரியவர் என்று நான்கு பத்திகள். முதல் மூன்றும் எளிதில் நிரம்பின. சம்பளச் சீட்டுக்களில் உரியவர் என்ற இடத்திலே எண் மட்டுமே இருந்தது. அரைப் பேர், முழுப் பேர் என்று நாட்கணக்குப் போட்ட தோட்டத்திலே ஆளின் பேரை எழுத இடம் வைக்கவில்லை. அந்த எண்கள் யார் யாருடையவை என்று கேட்டறிய மாணவர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்தோரிடம் போய் வருகிறார்கள். இருபத்திரண்டு எண்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. ஒன்பது எண்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.